ஆட்டுக்குட்டி இல்லாத திரை

பிள்ளையார்பாளையத்து எங்கள் வீட்டில் பதிகம் பாடாமல் தறியில் அமராதவர் என் தந்தையார். பட்டில் வரும் உருக்களை வரைந்து, அவை நெசவில் விழும்படி தறிக்கு மேலே தொங்கும் அட்டைகளில் துளை குத்தித் தருபவர் என் தாய்மாமா. அவர் திருச்சபையில் சேர்ந்தவர்.

எனக்கு ஒன்பது வயதானபோது கொச்சியிலிருந்து ஒரு யூதப் பெரியவர் வந்தார். தம் ஜெபாலயத்தில் வேதச் சுருள்கள் இருக்கும் பேழைக்குப் பட்டுத் திரை வேண்டும், மாதுளையும் கொடியும் போதும், தங்கள் புத்தாண்டுக்குள் கிடைக்க வேண்டும் என்றார். பழைய ஏற்பாட்டு மக்களை நேரில் கண்ட பூரிப்பில், மாமா யாரையும் கேளாமல் நடுவில் தம் ஆண்டவரின் அடையாளமாக ஒளிவட்டம் சூடிய ஓர் ஆட்டுக்குட்டியைச் சேர்த்துவிட்டார்.

ஒரு முழம் நெய்தபின் பார்க்க வந்த பெரியவர் ஆட்டுக்குட்டியைச் சுட்டிக் காட்டினார்.

“இது யாரு?”

“ஆண்டவரோட குமாரன் சார். நம்ம ரெண்டு பேருக்கும் தேவன் ஒருத்தர்தானே!” என்றார் மாமா.

“ஒருத்தர்தான். அதனாலதான் குமாரன் இல்லை. தேவன் மனுஷனா பிறக்கிறவர் இல்லை. மீட்பர் இனிமேல்தான் வரணும். அவரும் மனுஷன்தான், கடவுள் இல்லை.”

“அவர் வந்துட்டாரு சார்!”

“வந்திருந்தா உலகத்துல இன்னும் ஏன் சண்டை?”

உருவும் அருவும் ஆனவன் என்று பாடிப் பழகிய வீட்டில் இந்த வழக்கே எனக்குப் புதிது.

“எங்க சாமிக்கு ரெண்டு பிள்ளைங்க,” என்றார் தந்தையார். “அதுக்காக இவர் திரையில ஏத்த முடியுமா? எடுத்துடு மச்சான்.”

மாமாவின் முகம் சிவந்தது. “என் கையால அவரை எடுக்க மாட்டேன்.”

ஆட்டுக்குட்டி இருந்தால் திரை வேண்டாம் என்று பெரியவரும் கோபமின்றிச் சொல்லிப் போனார். தந்தையார் நெய்த முழத்தைக் கத்தரித்தெடுத்துப் பாவு நூலை மீண்டும் இழுத்துக் கட்டினார். புதிய அட்டையின்றி அதற்குமேல் அவரால் ஆகாது.

நான்காம் நாள் காலை மாமா வந்தார். பழைய அட்டைகளில் ஒரு துளையையும் அடைக்காமல் கட்டித் தம் வீட்டில் வைத்துவிட்டு, மாதுளையும் கொடியும் மட்டும் வரும்படி முழுவதையும் புதிதாகக் குத்தியிருந்தார்.

“அப்போ அந்தத் தாத்தா சொன்னதுதான் சரியா மாமா? நீ தோத்துட்டியா?”

“அவர் சொன்னது தப்புதான் கண்ணு. ஆனா திரை அவருது. நவுரு, அட்டையை மிதிச்சிக்கினு நிக்காதே.”

பிறகு ஒவ்வோர் அட்டையையும் வெளிச்சத்தில் உயர்த்தி, துளை பிசகியிருக்கிறதா என்று மீண்டும் மீண்டும் பார்த்தார். தப்பென்று நம்புகிற ஒன்றுக்கு இத்தனை கவனம் ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. தோற்றவர் முகம் இப்படி இருக்காதே என்று மட்டும் தோன்றியது.