ஒருத்தி மட்டும் கேட்ட பாங்கு

தேனாம்பேட்டை சிக்னலில் நான் ஏறியிருந்த ஆட்டோ நின்றுகொண்டிருந்த முற்பகல் வேளையில் அந்த இறப்புச் செய்தி என்னை வந்தடைந்தது. "சாச்சா மௌத்தாயிட்டாங்க," என்றார் கைப்பேசியில் என் கணவர் ஸலீம். பச்சை விளக்கு எரிந்தது. சுற்றிலும் அத்தனை வாகனங்களும் ஒலியெழுப்பியிருக்க வேண்டும். எனக்கு எதுவும் கேட்கவில்லை. நீருக்கடியில் அமர்ந்திருப்பவள் போல, அண்ணா சாலை அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் தந்தையாகிய அத்தாவின் இளவலான ஜமாலுத்தீன் சாச்சா அவர்கள், தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று வாடிக்கையாளரைக் கூவி அழைக்கும் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். அந்தக் குரலுக்கு எங்கள் குடும்பத்தில் வேறொரு பதவியும் இருந்தது. குழந்தை பிறந்ததும் அதன் வலது செவியில் தொழுகை அழைப்பாகிய பாங்கையும், இடது செவியில் தொழுகை தொடங்குவதை அறிவிக்கும் இகாமத்தையும் சொல்வது எங்கள் மார்க்க வழக்கம். இவ்வுலகில் அது கேட்கும் முதற்சொல் இறைவனின் பெருமையாக அமைய வேண்டும் என்பதே கருத்து. என்னையும் சேர்த்து, எங்கள் வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் அதைச் சொன்னவர்கள் சாச்சா அவர்களே.

என் தம்பி பிறந்த நாள் எனக்கு ஒரு கனவைப் போல நினைவிருக்கிறது. சாச்சா அவர்கள் தொழுகைக்குக் கைகால் கழுவுவதுபோல் ஒளு செய்த ஈரக் கைகளுடன் வார்டுக்குள் வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, "கடல் எந்தப் பக்கம் கீது?" என்று கேட்டார்கள். சென்னையில் கடலுக்கு முதுகைக் கொடுத்தால் மக்காவின் திசை ஏறக்குறைய முகத்துக்கு நேராக வந்துவிடும் என்பது அவர்கள் கண்ட எளிய வழி. பிறகு பாங்கு எழுந்தது. தம்பி வீரிட்டான். அவனைத் தொடர்ந்து வார்டே வீரிட்டது.

ஆயா ஓடி வந்தார். "இன்னா பாய், மைக் செட்டை முழுங்கிட்டு வந்தியா? எல்லாம் முழிச்சிக்கினு கத்துது பாரு!"

"அதுங்களுக்கும் சேர்த்துதாம்மா சொன்னேன். புண்ணியம் உனக்குத்தான்."

"புண்ணியமும் எனக்கு, துணி மாத்துற வேலையும் எனக்கா?"

சாச்சா அவர்கள் சிரித்தபடியே பேரீச்சம்பழத்தை மென்று, அதன் இனிப்பைக் குழந்தையின் அண்ணத்தில் தடவினார்கள். ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, முடியின் எடைக்கு வெள்ளி தானம் செய்து, பெயர் சூட்டி, அகீகாவுக்கு ஆடறுத்து விருந்தளிப்பது வரை அனைத்தும் அவர்கள் மேற்பார்வையில்தான் நடக்கும். அகீகா கொடுக்க இயலாமல் வருந்திய உறவினர் ஒருவரிடம் அவர்கள் சொன்னது: "ஆட்டுக்குத்தாம்பா வசதி வேணும். பாங்குக்கு வாய் இருந்தாப் போதும்."

நெடுங்காலம் காத்திருந்து நான் கருவுற்றிருந்த ஆண்டில், சாச்சா அவர்களுக்குக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிர் மீண்டது, குரல் மீளவில்லை. பேசினால் காற்று மட்டுமே வந்தது. கடையில் அவர்களை வாசலிலிருந்து அகற்றி, பைகளை வாங்கி வைக்கும் மேசைக்கு மாற்றினார்கள்.

அடையாற்று மருத்துவமனை ஒன்றில் என் மகள் நஸீரா பிறந்தாள். எல்லோரும் வந்தனர், சாச்சா அவர்கள் வரவில்லை. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. என் மாமியார் பொறுமையிழந்தார்: "நேரம் போய்க்கினே கீது. ஸலீமே பாங்கு சொல்லட்டும். தகப்பன்தானே?"

அவர் சொன்னதில் தவறில்லை. எவருடைய துணையுமின்றி நானே தேடிப் படித்த மார்க்க நூல்களும் தந்தை சொல்வதையே சிறப்பாகக் கூறின. ஆயினும் என் அத்தா அப்போது உயிருடன் இல்லை. என் மகளுக்கு என் பிறந்த வீட்டிலிருந்து வரக்கூடியதாக எஞ்சியிருந்தது சாச்சா அவர்களின் பாங்கு ஒன்றே. "அவங்க வரட்டும்," என்றேன்.

ஸலீம் கீழே சென்று, எதிர்த் தேநீர்க் கடையில் ஒதுங்கி நின்ற சாச்சா அவர்களைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார். சாச்சா அவர்கள் கதவருகிலேயே நின்றுவிட்டார்கள்.

"எனக்கு ஏதும்மா குரல்? காத்துதான் வருது. பாங்குன்னா கூப்புடறது. கூப்ட்டா கேக்க வேணாமா?"

"யாருக்குக் கேக்கணும் சாச்சா? தெருவுக்கா? உங்க வாய்க்கும் அவ காதுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் கீது?"

"புள்ள பெத்த மயக்கத்துலயும் இவளுக்கு வாய் கொறயல பாரு!" என்றார் மாமியார். சாச்சா அவர்களின் முகத்தில் ஏதோ இளகியது. மெல்லக் கடிகாரத்தைக் கழற்றினார்கள்.

சன்னல் திரை கடற்காற்றில் உப்பித் தாழ்ந்தது. குழந்தையை ஏந்தி, அதன் செவியோடு உதடுகளைச் சேர்த்தார்கள். உதடுகள் அசைந்தன. அறையில் ஒலியே இல்லை. ஒரு கை தூரத்தில் படுத்திருந்த எனக்கு எட்டியது மூச்சின் சலனம் மட்டுமே. நஸீராவின் அழுகை நின்றது. யாரோ தன்னிடம் தனியாகப் பேசுவதை அறிந்தவள் போல விழிகளைத் திறந்தாள்.

"முடிஞ்சுதா?" என்று மாமியார் கேட்டார். ஈரக் கண்களுடன் சாச்சா அவர்கள் தலையசைத்தார்கள். அதன் பிறகு உறவில் எங்கு பிரசவம் என்றாலும், "ஜமால் பாயைக் கூப்புடுங்க, புள்ள பயப்படாது," என்று அவர்களைத் தேடி வந்தார்கள். கடை வாசலில் இழந்த இடத்தைவிடப் பெரிய இடமொன்று அவர்களுக்குத் தொட்டில்களின் அருகில் கிடைத்தது.

நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் ஆண்கள் சாச்சா அவர்களின் உடலைத் தாங்கிய சந்தூக்கைச் சுமந்து தெருமுனையில் திரும்பும் வரை நானும் நஸீராவும் மாடியில் நின்று பார்த்தோம்.

"என் காதுல என்னம்மா சொன்னாங்க?"

"பாங்கு."

"அது தெரியும். எப்படிச் சொன்னாங்க? கொரல் எப்படி இருந்துச்சு?"

"எனக்குத் தெரியாதும்மா. நீ ஒருத்திதான் கேட்ட."

சென்று வாருங்கள் சாச்சா. தாங்கள் இறங்கும் மண்ணறையை இறைவன் அகலமாகவும் ஒளியாகவும் ஆக்கித் தருவானாக. தெரு வெறிச்சோடிய பின்னும் தங்கள் பேத்தி உள்ளே வரவில்லை. வலது செவியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கண்களை மூடி, அசையாமல் நின்றிருந்தாள்.