திரையில் நாற்று நட்டவள்

வடிவம்மா கூடத்து நிலத்தில் கால்நீட்டி இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே விடாத கார்த்திகை மழை. வயலில் கூலிவேலை இல்லாத நாட்களில் அவள் இந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். நாலடி தள்ளி, தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையைப் போட்டு விமலேஸ்வரி இருந்தாள்.

1982ஆம் ஆண்டு அது. விமலேஸ்வரிக்கு இருபத்தொன்பது வயது. கிளிநொச்சியில் ஒரு விவசாயப் பயிற்சி நிலையத்தில் தட்டெழுத்தாளர். லண்டனிலிருந்து தமையன் நடராசா அனுப்பிய சின்னக் கம்பியூட்டரைத் தொலைக்காட்சியில் பொருத்தி, கூட வந்த புத்தகத்தைப் பார்த்துத் தானாகவே பழகியவள். சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வர இருந்தார். கமக்காரருக்குப் பாடம் நடத்த உதவும்படியாக, திரையில் அசையும் ஒரு சிறு காட்சியை அவருக்குச் செய்து காட்ட வேண்டும். அது எடுபட்டால் கொழும்பில் ஆறு மாதக் கம்பியூட்டர் படிப்பு. இல்லாவிட்டால் தட்டெழுத்து மெசின்தான்.

மகள் கொழும்புக்குப் போவதில் தகப்பன் சிற்றம்பலத்துக்கு விருப்பமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயல் செய்பவர். எழுபத்தேழு கலவரத்தில் மாத்தளைத் தோட்டத்தை விட்டு உடுத்த சேலையோடு ஓடிவந்த வடிவம்மாவைத்தான், தெற்கே தமிழருக்கு என்ன நடக்கும் என்பதற்கு அவர் சாட்சிக்கு இழுப்பார். ஆனால் போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை.

விமலேஸ்வரி சதுரக் கொப்பியில் எட்டுக்கு எட்டுக் கட்டங்களைப் பென்சிலால் கறுப்பாக்கி ஆளை உருவாக்கினாள். நிமிர்ந்து நிற்க ஒரு படம், குனிந்து நாற்று நட ஒரு படம். வரம்புக்கு ஒன்று, நாற்றுக்கு ஒன்று. ஆளின் இரண்டு படங்களும் மாறி மாறி வரும்போது திரையில் ஒரு பெண் நாற்று நட்டுக்கொண்டு போனாள். ஒரு கரைச்சல்தான்: அவள் முன்னுக்கு அடியெடுத்து வைத்ததும் நட்ட நாற்று அழிந்துபோனது. அதைத் திரும்ப வரைய விமலேஸ்வரி பன்னிரண்டு வரிகள் எழுதியும் படம் துடித்தது.

சுளகு நின்றது.

“என்னா தங்கச்சி, இந்தப் பொம்பள நட்டதையெல்லாம் மிதிச்சுக்கிட்டே போறா? இவளுக்கு மட்டும் நம்ம வயல்ல வேல குடுத்துராதீங்க.”

விமலேஸ்வரிக்கு விளங்கவில்லை. வடிவம்மா எழும்பிச் சேலையைத் தூக்கிச் செருகினாள். குனிந்து, நிலத்தில் குத்திக் குத்திப் பின்பக்கமாக நடந்து, அலுமாரியில் இடித்துக்கொண்டுதான் நின்றாள். நட்டது எப்போதும் முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், கால் பின்னால் போக வேண்டும் என்றாள்.

தகப்பனின் வயல் நெல்லைத்தான் விமலேஸ்வரி சிறுவயதிலிருந்தே சாப்பிட்டாள். வேலையாட்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வரம்புவரை போயிருக்கிறாள். சேற்றில் கால் வைத்ததில்லை.

அன்றே பெண்ணைப் பின்னுக்கு நடக்க விட்டாள். இப்போது எந்த நாற்றும் அழியவில்லை. பன்னிரண்டு வரிகளும் தேவையில்லாமல் போயின. சனிக்கிழமை அதிகாரி மூன்று தரம் போடச் சொல்லிப் பார்த்தார்.

தை பிறந்து, கொழும்புப் படிப்புக்கு அவளை எடுத்திருப்பதாகக் கடிதம் வந்தது. தகப்பனுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, காட்சியையும் போட்டாள். சிற்றம்பலம் கதிரையில் இருந்து பார்த்தார்.

“இப்ப சரியாப் பின்னுக்குப் போறாள்.”

விமலேஸ்வரி திரும்பினாள். “முந்தி முன்னுக்குப் போனது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நீ செய்யேக்க யன்னலுக்குள்ளால பாத்தனான்.”

“அப்பவே பிழையெண்டு கண்டனீங்களோ?”

“ஓம். முப்பது வருசமா வயல் செய்யிறன், எனக்குத் தெரியாதே?”

“கண்டிட்டு ஏனப்பா சொல்லேல்லை?”

சிற்றம்பலம் எழும்பினார். கடிதத்தை இரண்டாக மடித்துத் தொலைக்காட்சியின் மேல் வைத்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு வெளியே போனார்.