துலக்கிய உருளைகள்

அது 1993, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. எனக்கு ஒன்பது வயது. ஆற்றங்கரை வயலை விற்று அப்பா வாங்கிய பழைய வெளிநாட்டுக் கார், மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போய் எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. அதன் எஞ்சினில் பெரிய தண்டு சுழல்வது, விரற்கணு அளவே உள்ள எஃகு உருளைகளின் மேல். அன்று எஞ்சின் எங்கள் முற்றத்தில் பிரிந்து கிடந்தது.

மேலப்பாளையத்து மெக்கானிக், உருளைகள் ஓடும் வளையத்தை அப்பாவிடம் நீட்டினார். உட்புறம் அம்மைத் தழும்பு போல அங்கங்கே உரிந்திருந்தது.

“இரும்பு அசந்துபோச்சு அண்ணாச்சி. உள்ளுக்குள்ள எப்பமோ கீறல் விட்டுப்போயி, இப்பம் வெளிய உரியுது. இத வச்சு ஓட்டாதிய.”

“வேற வளையத்துக்கு எங்க போவேன்? ஞாயித்துக்கெழம கல்யாணம்வே. பைய ஓட்டிக்கிடுதேன்.”

“பையப் போனாலும் சுமை அதே சுமைதான்.”

வெள்ளிதோறும் பூஜை விளக்குகளைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் துலக்குவது என் வேலை. கறுத்துக் கிடந்த உருளைகளையும் கிணற்றடிக்கு அள்ளிப்போய்த் துலக்கிவிட்டேன். உதவி செய்கிற நினைப்பு.

“ஏ பிள்ள, இது என்ன குத்துவிளக்கா?” என்று சிரித்த மெக்கானிக், ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் இரண்டு முறை அலசி, பொடி ஒட்டவில்லை என்று நகத்தால் தடவிப் பார்த்த பிறகே அதே வளையத்தில் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுப் பாலத்தின் நடுவில் எஞ்சினுக்குள் ஏதோ அரைபட்டது. கார் இறுகி நின்றது. மாப்பிள்ளை இறங்கி நாகஸ்வரத்துக்குப் பின்னால் நடந்தார்.

வீட்டுக்கு இழுத்து வந்து பிரித்தபோது உருளைகள் நொறுங்கியிருந்தன. தண்டு தேறாது என்றார் மெக்கானிக். எப்படி இப்படி ஆச்சு என்று அம்மா கேட்டாள்.

“இவ செங்கப்பொடி போட்டுத் தேச்சாள்லா. அதான் அரைச்சிட்டு,” என்றார் அப்பா, கையைத் துடைத்தபடி.

மெக்கானிக் பக்கத்தில்தான் நின்றார். குனிந்து தன் ஸ்பானர்களைப் பையில் அடுக்கினார். வெள்ளிக்கிழமை அவர் சொன்னது என் காதிலும் விழுந்ததுதான். அதை எடுத்துச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா முதுகில் வைத்த நான்கு அடியையும் நியாயம் என்றே வாங்கிக்கொண்டேன்.

தை பிறக்குமுன் கார் பழைய இரும்புக்குப் போனது. அப்பா ஒரு ஜவுளிக்கடையில் துணி மடிக்கப் போனார். முதல் சம்பளத்தன்று எனக்கு மட்டும் ஒரு பாவாடைத் துணி வாங்கி வந்தார். அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. என் முகத்தைப் பார்க்காமலேயே கையில் வைத்துவிட்டுப் போனார்.

அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.