பாய்க்கு நான் தைத்த உறை

உறையைக் கட்டிப் பார்த்த அன்று மட்டக்குளிக் கரையில் நின்றது நாலு பேர்: நான், என் தம்பி, அவன் மனைவி, தம்பியோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகும் அவளுடைய அண்ணன். வேறு ஒருவரும் இல்லை. அதனால் அந்த உறையில் விட்ட இடைவெளிக்கு வெளியாரைக் குற்றம் சொல்லவும் எனக்கு வழியில்லை.

மண்ணெண்ணெய் கிடைக்காத மாதங்கள் அவை. இரண்டு நாள் வரிசையில் நின்றும் வெறுங்கேனோடு திரும்பிய பிறகு, தம்பி வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டான். வள்ளம் காற்றில் ஓட, உரப்பைகளைப் பிரித்து நான்தான் பாய் தைத்துக் கொடுத்தேன். கரைக்கு வந்ததும் பாயைக் கம்பத்தோடு சுருட்டி வள்ளத்திலேயே விட்டுவிடுவான். அவன் இருப்பது தொடர்மாடியில் நாலாம் மாடி. அந்தக் கம்பம் படிக்கட்டில் திரும்பாது. உரப்பை வெயிலில் கிடந்தால் சில மாதத்தில் உதிர்ந்துவிடும். அதற்குத்தான் உறை கேட்டான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கொட்டாஞ்சேனையில் த்ரீவீல் சீட் தைக்கும் கடையில் வேலை. மிஞ்சிய ரெக்சினில் நீளமாக ஓர் உறை தைத்து, ஒரு பக்கம் முழுக்கத் திறப்பு விட்டு, முழத்துக்கு ஒரு நாடா வைத்தேன்.

கட்டிப் பார்த்த தம்பி, “இதென்ன அக்கா, கம்புக்குக் கால்சட்டையா? பெல்ட்டும் தைச்சுத் தாங்கோவன்” என்றான்.

அவன் மனைவி சிரிக்கவில்லை. “மச்சாள், நாடாவுக்கு நடுவில வாய் பிளந்து நிக்குது. வெயில் போகுமே.”

“கொஞ்சம் போகட்டும் பிள்ளை. காத்தும் போகவேணுமே. ஈரச் சீட்டை ரெக்சினால மூடினா பூஞ்சணம் பிடிச்சு நாறும். கடையில நாளும் பாக்கிறன்.”

“அக்கா சொன்னாச் சரி,” என்றார் அவள் அண்ணன். “அவ பயப்பிடாத விசயமே இல்ல. யோசிச்சுத்தான் செய்வா.”

நான் ஈரத்துக்குப் பயந்தேன். புயலுக்கு, மின்னலுக்கு, அவள் அண்ணனின் இருமலுக்குக்கூடப் பயந்தேன். வெயிலுக்குப் பயப்படவில்லை. அவிழ்க்கச் சுகமென்று தம்பி திறப்பைக் கடல் பக்கம் வைத்தே கட்டினான். பின்னேர வெயில் முழுக்க விழுவது அந்தப் பக்கம். சுருட்டிய பாயின் மேல் சுற்றில் இருப்பதோ அதன் விளிம்பு. காற்றின் இழுவையெல்லாம் அதில்தான்.

நாலாம் மாதத்தில் ஒரு நாள், விடியப் போன இருவரும் மத்தியானம் வரவில்லை. பொழுதுபட்டும் வரவில்லை. கரையில் என் பக்கத்தில் நின்ற தம்பி மனைவி மெல்லக் கேட்டாள்: “தையல் பலமாத்தானே இருந்தது, மச்சாள்?”

“ஓம்” என்றேன். தையல் பலமாகத்தான் இருந்தது.

மறுநாள் பின்னேரம், எஞ்சின் ஓடும் வேறொரு வள்ளம் அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது. தம்பியின் உதடு வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. அவள் அண்ணன் தாகத்தில் துவண்டு வள்ளத்தின் அடித்தட்டில் கிடந்தார். வெயில் படாமல் என் ரெக்சின் உறையை அவர்மேல் போர்த்தியிருந்தான் தம்பி. மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து இறந்துபோனார்.

செத்தவீடு நடப்பதற்கு முதல் நான் தனியே போய்ப் பாயைப் பார்த்தேன். விளிம்போரம் மேலிருந்து கீழ்வரை கிழிந்திருந்தது. நாடாக்களுக்கு இடையில் திறந்திருந்த இடங்களைத் தொட்டதும் மாவாகக் கொட்டியது. நாடாவுக்கு அடியில் இருந்த இடம் புதுப் பை மாதிரியே இருந்தது. பின்னால் வந்து நின்ற தம்பி, “விடுங்கோ அக்கா, அண்டைக்குக் காத்து பலம்” என்றான். அவனுக்குத் தெரியும். இன்றுவரை அதற்குமேல் அவன் ஒரு சொல் சொன்னதில்லை.

இழுத்து வந்தவர் கூலி கேட்கவில்லை. கறுப்பு விலைக்கு வாங்கி எரித்த எண்ணெய்க்கு மட்டும், இருபதாயிரம் கேட்டார். தம்பி வாய் திறக்குமுன், “அதை நான் தாறன்” என்றேன். சம்பளத்தில் மாதா மாதம் கொடுக்கிறேன். இன்னும் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.