அப்பாவைப் பேச விடாத வீடு

அன்பு உறவுகளே, அப்பா மறைந்து ஓராண்டாகிறது. புகழ்ந்து நாலு வரி எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அவருடைய ஒரே மகளான எனக்கு அது முடியவில்லை.

அப்பா விக்கிரமங்கலத்தில் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, பனிமலை எல்லையில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடும் மருத்துவ உதவியாளராக இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தார். கல்யாணமான இரண்டாம் வாரமே ரயிலேறியவர். வாரம் தவறாமல் அம்மாவுக்கு இன்லண்டு லெட்டர் வரும். ஓய்வுபெற்றதும் அரியலூரில் வீடு கட்டினார். அம்மாவுக்கு மூட்டு தேய்ந்த பிறகு துணி துவைத்தது, தலை வாரிவிட்டது எல்லாம் அவரேதான். "மிலிட்டரி பொண்டாட்டிக்குச் சேவகம் பண்ணுது பாரு" என்று தெருவில் சிரித்தார்கள். "எல்லையில நின்னவன், கொடியில துணி போட வெக்கப்படுவேனா?" என்பார்.

குண்டுக்குப் பயப்படாதவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. லீவில் வந்திருந்த சமயம் அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, இருபத்தாறு வயதில் தாலி இழந்தார். பூவும் வளையலுமாக அலங்கரித்து உட்காரவைத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றியதை அப்பா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அத்தை இறுக்கிப் பிடித்த பூச்சரத்தை விரல் விரலாகப் பிரித்து வாங்கினார்களாம். அம்மாவுக்கு அது நடக்கவே கூடாது, அதனால் அம்மாவை முந்திக்கொண்டு போகக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தார்.

சென்ற ஆண்டு சித்திரை வெயிலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடமாடினார்.

"இந்த வெக்கையில என்னத்துக்குப்பா இது?"

"பட்டாளத்துப் பழக்கம்மா."

ஒரு நாள் கழற்றும்போது பார்த்துவிட்டேன். இரண்டு காலும் வீங்கியிருந்தன. கட்டைவிரலால் கணுக்காலை அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது. எத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்தவர், இதயம் தளர்ந்ததன் அடையாளம் அது என்று தெரியாதா? "அம்மாகிட்ட சொல்லாத" என்றார். அன்றிலிருந்து வீட்டில் எதைப் பார்த்தாலும் பயம். இரண்டு படி ஏறி மூச்சு வாங்க நின்றால் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொள்வேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினார். அம்மாவோ ஒன்றும் தெரியாமல், பல்லி கத்தினால்கூடத் திடுக்கிட்டுத் தரையைத் தட்டுவார்.

அப்பா மூன்று தடவை பேச்செடுத்தார். சாப்பிடும்போது, "நான் போயிட்டா..." என்று தொடங்கியதுமே, "வாயைக் கழுவுங்க. வெள்ளிக்கிழமையும் அதுவுமா பேசுற பேச்சா?" என்று அம்மா அடக்கினார். அடுத்த முறை அத்தை, "அச்சானியமாப் பேசாதடா தம்பி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கடைசியாகப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது என் கையைப் பிடித்தார்.

"அக்காவுக்குப் பண்ணுனத உங்கம்மாவுக்குப் பண்ண விடாத. விடமாட்டேன்னு சொல்லும்மா."

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுப்பா. சும்மா வாங்க" என்றேன்.

ஒரு சொல்தான். சொன்னால் பலித்துவிடும் என்று பயந்தேன், பாவி. மூன்றாம் நாள் போய்விட்டார்.

கருமாதியன்று பெண்கள் அம்மாவை நடுவில் உட்காரவைத்துத் தலை நிறையப் பூ வைத்தார்கள். அத்தைதான் முன்னால் நின்றார். "ஊரு மொறைடி, நான் என்ன பண்ணுவேன்" என்று அழுதுகொண்டே அம்மாவின் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். தடுக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று வாயடைத்து நின்றேன். எல்லாம் நடந்து முடிந்தது.

போன வாரம்தான் அம்மாவிடம் சொன்னேன். "அவரு கேட்டாராடி? அன்னிக்கே சொல்லியிருந்தா நானே எல்லார் கையையும் தட்டிவிட்டிருப்பேனே" என்றார்.

ஆஸ்பத்திரியில் அப்பாவைத் தாங்கிப் பிடித்த செவிலியருக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த பட்டாளத்து நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட தெருக்காரர்களுக்கும் நன்றி சொல்லிக் கடன் தீராது.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. இன்று அம்மா நெற்றியில் குங்குமத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வைத்துவிட்டது நான். நான் இதை வாசித்து முடித்ததும் இந்த நினைவு மலரை அம்மா கையால்தான் தருகிறோம். முறை கெட்டுவிட்டது என்று தோன்றினால் என்னிடம் வந்து திட்டுங்கள். அம்மா நீட்டும்போது மட்டும் வாங்காமல் போய்விடாதீர்கள்.