முதல் தடவை சொன்ன வேண்டாம்

ஆர்லிஸ் ஸ்கோக்லண்டுக்குக் கல்யாணம் நடந்ததே டெல்மர் உள்ளூர்க்காரன் என்பதால்தான். வெளியூர்க்காரனாக இருந்திருந்தால் முதல் நாளே மனசொடிந்து வந்த வழியே போயிருப்பான். ஏரிக்கரையில் காரை நிறுத்திவிட்டு, "கட்டிக்கலாமா?" என்று அவன் கேட்டபோது, "ஐயோ, உனக்கு எதுக்கு இந்த வீண் சிரமம்?" என்றாள் அவள். டெல்மர் தலையாட்டிவிட்டு அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டான். அடுத்த வாரம் மறுபடி கேட்டான். "பார்க்கலாம்" என்றாள். அதற்கடுத்த வாரம் கேட்டபோது சரி என்றாள். இரண்டு பேருக்குமே இதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

மினசோட்டாவின் வடமேற்கு மூலையில், எங்கள் பக்கத்தில், காப்பிக்கும் இதே முறைதான். முதல் தடவை கேட்டால் வேண்டாம். இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்கு எதுக்குச் சிரமம். மூன்றாம் தடவை கேட்டால், சரி, அரைக் கோப்பை. அரைக் கோப்பை என்றால் முழுசாக ஊற்ற வேண்டும். முதல் தடவையே கையை நீட்டுகிறவனை யாரும் ஒன்றும் சொல்லிவிட மாட்டார்கள். அவன் போன பிறகு, "பாவம், நல்ல பசி போல" என்பார்கள். அதைவிடப் பெரிய வசவு எங்களிடம் கிடையாது.

ஆர்லிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். காலையில் பண்ணை வீடுகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவாள், சாயங்காலம் கொண்டுபோய் இறக்குவாள். நடுவில் ஊர் ஆம்புலன்ஸில் சம்பளமில்லாத வேலை. ஐம்பத்தெட்டு வயதில் மூன்று பிள்ளைகளையும் கரையேற்றிவிட்டு, யாருக்கும் பாரமில்லாமல் இருந்தாள். கட்சிக் கூட்டங்களுக்கும் தவறாமல் போவாள். மேடையில் ஏறியதில்லை. நாற்காலி மடக்குவது, காப்பிப் பாத்திரம் கழுவுவது, இதெல்லாம் அவள் பங்கு.

அவள் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரு பனிப்புயல். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவை மூடியிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த முதல் குளிர்காலத்தில், கெல்சி என்ற சின்னப் பெண்ணை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு தூரத்து நகரத்துக்குப் புறப்பட்டார்கள். பாதி வழியில் சாலையே கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டினார்கள்; ஆர்லிஸின் கையில்தான் குழந்தை பிறந்தது. குழந்தை அழுதது. கெல்சிக்கு ரத்தம் நிற்கவில்லை. பனி வாரும் வண்டி முன்னால் போக, அதன் பின்னாலேயே ஊர்ந்து போய் எப்படியோ காப்பாற்றினார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இனி குழந்தை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஆர்லிஸுக்கு ஒரு பழக்கம் வந்தது. பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸைத் திருப்பி ஓட்டி வரும்போது, வாய்விட்டுப் பேசுவாள். கண்ணாடியில் தெரியும் காலி இருக்கைகள்தான் வாஷிங்டன் காங்கிரஸ் சபை. "ஐயா, அம்மா, எங்க ஊர்ல ஒரு பொண்ணு பிள்ளை பெத்துக்கணும்னா..." என்று ஆரம்பித்து, ஷெட்டுக்குள் பஸ் நுழையும்வரை நிறுத்த மாட்டாள். இது டெல்மருக்குக்கூடத் தெரியாது. தன் வாயாலேயே, எனக்கு அங்கே போக ஆசை என்று எப்படிச் சொல்வது? யாராவது கேட்டால் அல்லவா சொல்லலாம்.

அந்த வருஷம்தான் அந்தக் காங்கிரஸ் சபையில் எங்கள் தொகுதியின் இடம் காலியானது. தலைமுறைக் கணக்காக அதில் உட்கார்ந்திருந்த கிழவர் ஹெட்பர்க், முட்டி தேய்ந்துவிட்டது என்று சொல்லி விலகிக்கொண்டார். காலி இடம் என்றதும் ஆட்கள் முளைத்துவிட்டார்கள். கடைசிவரை நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவன் வான்கோழிப் பண்ணை முதலாளி கீத் வாகன். கை குலுக்கினால் விடவே மாட்டான். இன்னொருத்தி மாநில சட்டசபை உறுப்பினர் ஜோலின் ரஸ்தாத். எதைக் கேட்டாலும் அதற்கு ஏற்கனவே ஒரு மசோதா கொண்டுவந்திருப்பதாகச் சொல்வாள்.

ஏப்ரலில், ஓடைகளில் பனி இன்னும் கரையாதபோது, கட்சி யாருக்கு ஆதரவு தருவது என்று முடிவு செய்யப் பிரதிநிதிகள் எல்லாரும் ஒரு பள்ளிக்கூடக் கூடைப்பந்து அரங்கில் கூடினார்கள். நூற்றுக்கு அறுபது ஓட்டு வாங்குகிறவருக்கே ஆதரவு. வாங்கும்வரை மறுபடி மறுபடி ஓட்டு. காலையில் ஆரம்பித்த கூட்டம் சாயங்காலம்வரை இழுத்தது. கீத் ஏறினால் ஜோலின் இறங்குவாள், ஜோலின் ஏறினால் கீத் இறங்குவான், அறுபது மட்டும் வந்தபாடில்லை. கூட்டத்தை நடத்தியவன் காலின் ப்ரூவர் என்ற இளம் வக்கீல். அரிசோனாக்காரன், மினியாபொலிஸுக்கு வேலைக்கு வந்தவன். விதிப்புத்தகத்தை வரிக்கு வரி படித்திருந்தான். நல்ல பையன்தான், நான் குறை சொல்லவில்லை.

ஓட்டு எண்ணும் இடைவெளியில், யாராவது இரண்டு நிமிஷம் பேசலாம் என்றான் காலின். ஆர்லிஸின் பக்கத்தில் ஓரின் பெக்கே உட்கார்ந்திருந்தான். சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு பயிரிடும் விவசாயி, பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன்.

"போய் அந்தப் பனிக்கதையச் சொல்லேன்" என்றான்.

"சும்மா இரு ஓரின். அதை யாரு கேப்பாங்க?"

"கேப்பாங்க. போ."

"எனக்கு மைக்குன்னாலே நாக்கு ஒட்டிக்கும்."

"போன்னா போ. இல்லேன்னா அந்த வான்கோழிக்காரன் மறுபடி எழுந்திருச்சுருவான்."

மூன்று தடவை சொல்லியாயிற்று. ஆர்லிஸ் எழுந்து போனாள்.

காலி இருக்கைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு தடங்கலில்லாமல் வந்தது. "என் கையில வெளிச்சத்துக்கு இருந்தது ஒரே ஒரு டார்ச்" என்றாள். "அந்தப் பொண்ணு என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? 'ஆர்லிஸ், பஸ்ல தூங்கிட்டேன்னா எழுப்பி விடுவீங்களே, இப்பவும் எழுப்பி விடுவீங்களா?'ன்னு கேட்டா. சின்ன வயசுல அவளை நான்தான் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போனேன். எழுப்பறேன் கண்ணுன்னு சொன்னேன். என்ன தைரியத்துல சொன்னேன்னு இன்னிக்கும் தெரியல. வாஷிங்டன்ல இருக்கறவங்க அந்த ராத்திரி அந்த வண்டிக்குள்ள ஒரு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருந்தாப் போதும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

 அப்புறம் கைதட்டல். எங்கள் ஆட்கள் எழுந்து நின்று கைதட்டுவது மழைக்காலத்தில் தூசி பறப்பது மாதிரி அபூர்வம். அன்றைக்கு நின்றார்கள். ஓரின் விறுவிறுவென்று இன்னொரு மைக்குக்குப் போய், "ஆர்லிஸ் ஸ்கோக்லண்ட் பேரை நான் முன்மொழியறேன்" என்றான். நாலு மூலையிலிருந்தும் வழிமொழிந்தார்கள். கீத் வாகனின் ஆட்களே அவன் பேர் எழுதிய அட்டைகளைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். காலையிலிருந்து வராத அறுபது அங்கே கண்ணெதிரே நின்றது.

காலின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "விதிப்படி சரிதான். திருமதி ஸ்கோக்லண்ட், நீங்க ஏத்துக்கறீங்களா?"

 கேட்டுவிட்டார்கள்! இத்தனை நாள் காலி பஸ்ஸில் பேசியதற்கு, கடைசியில் கேட்டே விட்டார்கள். முகம் சிவந்து, கை இரண்டையும் விரித்து, அவள் பிறந்ததிலிருந்து கற்றுக்கொண்டதைச் சொன்னாள்.

"ஐயய்யோ, நான் எதுக்குங்க? எத்தனையோ நல்லவங்க இருக்காங்களே."

"மறுத்துட்டாங்க" என்றான் காலின். "நன்றி அம்மா. அடுத்த சுற்றுக்குப் போகலாம்." மேஜையில் சுத்தியலைத் தட்டினான்.

 அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும், அது நிஜமான வேண்டாம் இல்லை என்று. இன்னும் ஒரு தடவை கேள், அப்புறம் ஒரு தடவை கேள், அவ்வளவுதான். ஆனால் யார் எழுந்து அதைச் சொல்வது? ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னதை, இல்லை அவளுக்கு ஆசை இருக்கிறது என்று பொதுவில் போட்டு உடைப்பது எவ்வளவு பெரிய அசிங்கம்! ஓரின் மைக் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான். வாயைத் திறந்தான். ஆர்லிஸ் அவனையே பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு, தொப்பியைக் கையில் சுருட்டியபடி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான்.

கடைசியில் யாருக்கும் ஆதரவில்லை என்று தீர்மானம் போட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்கள். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஆகஸ்டில் நடக்கும், யாரும் நிற்கக்கூடிய பொது ஓட்டில் மக்களே தீர்மானிக்கட்டும் என்று விட்டார்கள். ஆர்லிஸ் வழக்கம்போல நாற்காலிகளை மடக்கி அடுக்கினாள். வீட்டுக்குப் போகும் வழியில், கூட்டிப்போக வந்திருந்த டெல்மரின் பக்கத்தில் காருக்குள் உட்கார்ந்து அழுதாள். அந்த அரிசோனாப் பையன் மேல் அவளுக்குக் கோபம். தன் மேல் அதைவிடக் கோபம்.

பிறகு அவள் காத்திருந்தாள். ஒருத்தர் கேட்டாயிற்று, இன்னும் இரண்டு பேர் கேட்க வேண்டும் என்பது போல, போன் அடிக்கும்போதெல்லாம் ஓடினாள். பெட்ரோல் பங்கில் பார்த்தவர்கள், "அன்னைக்கு ரொம்ப நல்லாப் பேசின. உனக்கு வேண்டாம்னா வேண்டாம்தான், அதுவும் நியாயம்தான்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மரியாதை அவளைக் கொன்றது. மனுத்தாக்கல் முடிய ஒரு நாள் இருந்தபோது டெல்மரிடமே பொரிந்து தள்ளினாள்.

"நீயாவது கேட்டிருக்கலாம்ல? நாப்பது வருஷமா எல்லாத்துக்கும் மூணு தடவை கேக்கற மனுஷன்!"

டெல்மர் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே இருந்தான். "கேக்கத்தான் நினைச்சேன். ஆனா நான் கேட்டா, எனக்காகச் சரின்னு சொல்லுவ. நாளைக்கு அங்க போய்த் தனியா நிக்கப்போறது நீ. இதை யாரும் கேட்டு நீ சொல்லக் கூடாது, ஆர்லிஸ்."

மறுநாள் அவள் கவுண்டி அலுவலகத்துக்கு, அதாவது எங்கள் மாவட்ட ஆபீசுக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவள் ஒன்றுவிட்ட தங்கை கேரல்.

"வாக்கா. என்ன, நாய்க்கு லைசென்ஸா?"

"இல்ல. காங்கிரஸுக்கு நிக்கணும்."

கேரல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். "உன்னை யாரு நிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்கே வேணும்."

அதைச் சொன்னபோது காது மடல்வரை சுட்டது. பந்தியில் எல்லாருக்கும் முன்னால் போய்த் தானே பரிமாறிக்கொண்டு உட்கார்ந்தவள் மாதிரி கூச்சம். ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் கோடை முழுக்க, பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால், சந்தை, ஊர்வலம், சர்ச் விருந்து என்று ஒன்று விடாமல் போனாள். ஜோலினிடம் மசோதாக்கள் இருந்தன, கீத்திடம் டிவி விளம்பரங்கள் இருந்தன, ஆர்லிஸிடம் டெல்மரின் பழைய வேன் இருந்தது. ஒவ்வொரு ஊரிலும், "உங்க ஓட்டு எனக்கு வேணும்" என்று நேராகக் கேட்கப் பழகினாள். முதலில் அந்த வார்த்தையை முணுமுணுத்தாள். பிறகு பழகிவிட்டது. சில பேர் அவள் போன பிறகு, நல்ல பசி போல என்று சொல்லியிருக்கவும் கூடும். எத்தனை பேர் வேறு பக்கம் சாய்ந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஆகஸ்டில் கீத் வாகன் ஜெயித்தான். ஆர்லிஸ் இரண்டாவதாக வந்தாள், ஜோலினையும் தாண்டி. ஏப்ரல் முடிந்து ஒரு மாசத்துக்கு மேல் வீணாகாமல் இருந்திருந்தால், அன்றைக்கே கட்சியின் ஆதரவு கையில் இருந்திருந்தால் என்று கணக்குப் போட்டுப் பார்க்காத ஆள் ஊரில் இல்லை. ஆனால் யாரும் அவள் காதுபடப் பேசவில்லை.

மறுநாள் சமூகக்கூடத்தில் அவளுக்காக ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த ஹாட்டிஷ் நாலு வீட்டிலிருந்து வந்திருந்தது. எல்லாரும் வானிலை பற்றிப் பேசினார்கள், கிழங்கு விளைச்சல் பற்றிப் பேசினார்கள். ஓரின் தட்டோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்தான்.

"எப்படியோ, முடிஞ்சுது. உனக்கும் அது மேல அப்படி ஒண்ணும் பெரிய ஆசை இல்லையே. ஒரு வகையில நல்லதுதான்."

எங்கள் ஊரில் இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஆமாம், போனால் போகுது என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஹாட்டிஷ் வைக்கட்டுமா என்று கேட்க வேண்டும்.

"இருந்துச்சு ஓரின்" என்றாள் ஆர்லிஸ். "ரொம்ப ஆசை இருந்துச்சு. இப்பவும் இருக்கு. நேத்து ராத்திரி முழுக்க நான் தூங்கல."

பக்கத்து மேஜைகளில் பேச்சு நின்றது.  ஓரின் முள்கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அன்னைக்கு மைக் என் கையிலதான் இருந்துச்சு. மறுபடி கேளுன்னு அந்தப் பையன்கிட்ட நான் சொல்லியிருக்கணும்."

அத்தனை பேரும் ஆர்லிஸைப் பார்த்தார்கள். அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு என்று அவள் சொல்லிவிட்டால் கூடமே மூச்சு விட்டிருக்கும்.

"ஆமா" என்றாள் அவள். "சொல்லியிருக்கணும்."

ஓரின் தலையை ஆட்டினான். இரண்டு பேரும் எழுந்து போகவில்லை. அங்கேயே எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார்கள்.