வீட்டுக்காரர் எங்கை?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பீல் நகரத்துக்கு வந்து ஐந்து வருடத்தில், வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களை எல்லாம் ஒன்பது வயதிலேயே நான்தான் வாசித்துச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்தக் கோடையில் வகுப்போடு பழைய வீடுகளின் மியூசியத்துக்குப் போனோம். பல ஊர்களிலிருந்து மரவீடுகளைக் கழற்றி, ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டுக் கொண்டுவந்து, ஒரு மலையடிவாரத்தில் திரும்பப் பொருத்தி வைத்திருந்தார்கள். துணைக்கு ஒரு தாய் வேண்டும் என்று டீச்சர் கேட்க, நான் முந்திக்கொண்டு அம்மாவின் பெயரைக் கொடுத்திருந்தேன்.

முதல் வீட்டு வாசலிலேயே அம்மா சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே அடுப்பில் சட்டி, விரித்த கட்டில், தொட்டிலில் சின்னப் போர்வை. எட்டிப் பார்த்தவர் காலை உள்ளே வைக்கவில்லை.

"வீட்டுக்காரர் எங்கை பிள்ளை? கேளாமல் எப்பிடி உள்ளுக்கை போறது?"

வீட்டைச் சுற்றிக்காட்ட நின்ற பெண்ணிடம் கேட்டேன். அவர் நீளமாக ஏதோ சொன்னார். நான் என் கெட்டித்தனத்தில் அதைச் சுருக்கினேன்.

"அவை விட்டிட்டுப் போட்டினமாம்."

அம்மா அப்படியே படியில் குந்திவிட்டார்.

"சட்டியையும் விட்டிட்டோ? ஆர் கலைச்சது எண்டு கேள்."

பின்னால் வகுப்பு முழுவதும் காத்து நின்றது. "உன் அம்மா இங்கேயே குடியிருக்கப் போகிறாரா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மா இப்போது எழும்பாவிட்டால் நாளைக்கு நான் எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது? பதறிப்போய், அம்மா கேட்டதை அப்படியே ஜெர்மனில் கேட்டேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் வந்து குந்தி ஆறுதலாகச் சொன்னார். ஒருவரும் அவர்களைத் துரத்திக் கலைக்கவில்லை, தங்கள் ஊரிலேயே பக்கத்துக் காணியில் புதுக் கல்வீடு கட்டிக்கொண்டு போனார்கள், இப்போதும் வந்து பழைய வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தமுறை நான் ஒரு சொல்லும் விடவில்லை.

"எல்லாரும் சுகமோ?"

"ஓம் அம்மா."

"தொட்டில் பிள்ளையும்?"

கேட்டுச் சொன்னேன். "ஓமாம். அந்தப் பிள்ளை இப்ப கிழவனாம்."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "விசர்ப்பெட்டை, முதலே ஒழுங்காச் சொல்லக்கூடாதோ?" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தார். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போய், தொட்டிலை ஒருதரம் ஆட்டிவிட்டார்.

சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியபோது நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேன். அப்போது எங்கள் அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்ததாம். அதை வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். அன்று அந்த வாசலில் இருவரும் ஒன்றாகத்தான் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். வகுப்பின் முன் என் மானம் தப்பியதே இருவருக்கும் காரணம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.